நாற்பது வருட ஆம்பைத் திருத்தித் தந்த கோட்டைமுனைக் கடை

எங்கள் வீட்டு ஆம்ப் (ஸ்பீக்கருக்குச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற ஆம்ப்ளிபயர்) இந்த வருடம் மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வாயை மூடிக்கொண்டது. சுவிட்சைப் போட்டால் சிவப்பு லைட் எரிகிறது. ஆனால் நாலைந்து செக்கன் கழித்து உள்ளே கேட்க வேண்டிய அந்த 'டிக்' சத்தம் வரவில்லை. அது வராவிட்டால் ஸ்பீக்கருக்கு ஒன்றும் போகாது என்பது இந்தச் செட்டோடு வளர்ந்த எனக்குத் தெரியும். திருத்துவதா, புதிது வாங்குவதா என்று இரண்டு மாதம் மண்டையைப் போட்டு உடைத்து, கடைசியில் கோட்டைமுனையில் பெயர்ப்பலகை கூட இல்லாத ஒரு கடையில் திருத்தி எடுத்தேன். அந்தக் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். எண்பதுகளில் மத்திய கிழக்கிலிருந்து வந்த ஜப்பான் செட்டுகள் மட்டக்களப்பில் இன்னும் எத்தனையோ வீடுகளில் துணி போட்டு மூடிக் கிடக்கின்றன. அந்த வீட்டுக்காரர்களுக்கு இது உதவட்டும்.

எங்களுடையது 1984 இல் மாமா சவூதியிலிருந்து வந்தபோது அப்பாவுக்கென்று தூக்கி வந்தது. எந்தக் கம்பெனி என்பதை விடுங்கள். அந்தக் காலத்து ஆம்ப்களுக்குள் ஏறத்தாழ ஒரே மாதிரிச் சாமான்கள், வயது போனால் ஒரே மாதிரி வருத்தங்கள். பக்கத்துக்கு 35 வாட். எட்டுக் கிலோவுக்குக் கிட்டப் பாரம். முன்னுக்கு அலுமினியத் தகடு, கையை நிறைக்கிற அளவில் ஒரு வொலியும் திருகி.

அப்பா வந்தாறுமூலையில் பிறந்தவர். கூத்து என்றால் உயிர். எங்கே களரி (கூத்தாடுகிற மேடை) கட்டினாலும் ரேப் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். வடமோடி வகைக் கூத்து இரவு தொடங்கினால் விடிய விடிய நடக்கும். ஒரு இரவுக்கு 90 நிமிட கசட் ஆறு வேண்டும். 45 நிமிடத்துக்கு ஒருக்கா கசட்டைத் திருப்புகிற இடத்தில் பாட்டில் ஓரடி விட்டுப்போயிருக்கும். அதற்கு முன்னால் அப்பா பொத்தானை அமத்துகிற சத்தம் கேட்கும். அப்படி 52 கசட் வீட்டில் இருக்கின்றன. அப்பா 2016 இல் போய்விட்டார். நான் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிறேன். கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரின் மத்தளத்தில் இடந்தலை (இடப்பக்கத் தோல்) அடி எப்படி விழுகிறது, சல்லரி என்கிற தாளம் எந்த இடத்தில் முந்துகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட அந்தக் கசட்டுகளைத்தான் போடுவேன். ஆகவே எனக்கு வேண்டியது வெறுமனே சத்தம் வருகிற பெட்டி அல்ல. மத்தளம் மத்தளமாகக் கேட்க வேண்டும்.

வருத்தம் ஒரேயடியாக வரவில்லை. இரண்டு வருடமாக இடப்பக்க ஸ்பீக்கர் அடிக்கடி அமுங்கிப் போகும். வொலியுமை ஒருக்கா நன்றாகக் கூட்டினால் திரும்ப வரும். பிறகு இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரு மெல்லிய இரைச்சல், தேன்கூட்டுக்குக் கிட்டக் காதை வைத்த மாதிரி. நான் அதைக் கவனித்தும் விட்டுவிட்டேன். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில், செட்டின் சுவிட்சை நிறுத்தாமலே விட்ட நாட்களும் உண்டு. கரண்ட் திரும்பி வருகிற நேரம் வோல்டேஜ் ஏறி இறங்குவதை பல்ப்பிலேயே பார்க்கலாம். அதற்கு மேல், தூசு படக்கூடாது என்று அம்மா பின்னிய துணியை மேலே விரித்து, காற்று போகிற ஓட்டைகளையும் மூடி வைத்திருந்தோம். வீடு கல்லடியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்றில் கதவுப் பிணைச்சலே கறள் கட்டுகிற இடம்.

முதலில் கொண்டுபோனது டவுனில் வேறொரு கடைக்கு. கவுண்டரில் நின்ற தம்பி பிளக்கைச் செருகிப் பார்த்தார், மேல் மூடியைக் கழற்றவே இல்லை. "போர்ட் போச்சு. இதுக்குச் சாமான் இப்ப வராது. எறிஞ்சிட்டுப் புதுசு எடுங்க" என்றார். வெளியே வரும்போது, விற்கிறதென்றால் 2,000 ரூபா தரலாம் என்றும் சொன்னார். எறியச் சொன்ன சாமானுக்கு எதற்கு விலை என்று எனக்கு அங்கேயே மனதில் பட்டது. ஓட்டோவில் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

புதிது வாங்குவதையும் நான் சும்மா தள்ளிவிடவில்லை. கொழும்பில் விசாரித்ததில், நல்ல கம்பெனியின் சாதாரண ஸ்டீரியோ ஆம்ப் ஒன்றுக்கு எனக்குச் சொன்ன விலை ஒரு லட்சத்து 18,000 ரூபா. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர் இரண்டு மாதத்தில் 360 ஐத் தொட்டது. பிறகு கொஞ்சம் இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவேயில்லை. 2024 இலிருந்து வற் வரியும் நூற்றுக்கு 18. ஒரு ஆசிரியை ஆம்புக்கு ஒரு லட்சம் எடுத்து வைப்பது லேசான காரியமா?

அப்புறம், உள்ளங்கையளவு புளூடூத் ஆம்ப். என் தம்பி தன்னுடையதை ஒரு கிழமைக்குத் தந்தான். பெட்டியில் 200 வாட் என்று பெரிதாகப் போட்டிருந்தது. கூட வந்த அடப்டரைப் பார்த்தேன்: 12 வோல்ட், 3 அம்பியர். பெருக்கினால் 36 வாட். உள்ளே போகிறதே 36 என்றால் வெளியே 200 எங்கிருந்து வரும்? ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும். சின்ன அறையில் போனிலிருந்து பாட்டுக் கேட்க அது போதும், சத்தம் சுத்தமாகவும் இருந்தது. கூத்துக் கசட்டைப் போட்டுக் கொஞ்சம் கூட்டியபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. இடந்தலையில் கை விழுகிற அடி தட்டையாகிப் போனது, பலகையில் தட்டுகிற மாதிரி. வலந்தலையின் கணீரும் சல்லரியும் ஒன்றோடொன்று கலந்து கரகரத்தன. அந்தக் கிழமை முடிந்ததும் திருத்துகிற பக்கம் மனம் சாய்ந்துவிட்டது. ஆனால் யாரிடம் கொடுப்பது?

என்னோடு படிப்பிக்கிற ரீச்சர் ஒருவர்தான் இந்த இடத்தைச் சொன்னார். திருமலை வீதியிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கையில், ஒரு வீட்டின் முன் விறாந்தையை அடைத்து எடுத்த அறை. வாசலில் பெயர் இல்லை. ஜன்னலில் தொங்குகிற பழைய ஸ்பீக்கர் ஒன்றுதான் அடையாளம். உள்ளே இருவர் நிற்கலாம், மூன்றாவது ஆள் வந்தால் ஒருவர் வெளியே இறங்க வேண்டும். திருத்துகிற அண்ணனுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மேசையில் சோல்டர் கட்டை, மீட்டர் இரண்டு, பிஸ்கட் தகரங்கள் நிறைய திருகாணி.

அவர் முதலில் கேட்ட கேள்வியே எனக்குப் பிடித்துப்போனது. "ரீச்சர், என்ன செய்யுதுன்னு சொல்லாதீங்க. முதல்ல என்ன செய்துகொண்டிருந்து, மறுகா என்ன மாறினதுன்னு வரிசையாச் சொல்லுங்க." இடப்பக்கம் அமுங்கியது, கூட்டினால் வந்தது, இரைச்சல், கடைசியில் டிக் இல்லாமல் போனது என்று சொன்னேன். ஒரு பழைய கொப்பியில் எழுதிக்கொண்டார். பார்ப்பதற்கு 500 ரூபா, திருத்தினால் அது கூலியில் கழியும் என்றார்.

மூடியைக் கழற்றியதும் உள்ளே பல்லி முட்டை மூன்று. சூடு தணிக்கிற அலுமினியச் சிறகுகளுக்கு அடியில் வரிசையாக, காய்ந்துபோய். போர்ட்டின் மேல் பல்லி எச்சம், அது விழுந்த இடங்களில் செப்பு வரி பச்சை பூத்திருந்தது. ஒரு பழைய தூரிகையால் எல்லாவற்றையும் மெதுவாகத் தட்டினார். பிறகு செட்டை நேரே கரண்டில் செருகாமல், பலகையில் பூட்டிய ஒரு குண்டு பல்ப்பின் வழியாகச் செருகினார். எனக்கு விளக்கமும் சொன்னார். உள்ளே எங்காவது ஷோர்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே நிற்கும். கரண்ட் முழுவதையும் பல்ப் வாங்கிக்கொள்ளும், செட் கருகாது. ஷோர்ட் இல்லையென்றால் ஒருக்கா பளிச்சென்று எரிந்து, உள்ளே கரண்டைச் சேர்த்து வைக்கிற பெரிய கண்டென்சர் நிறைந்ததும் மங்கிவிடும்.

சுவிட்சைப் போட்டார். பல்ப் பளிச்சென்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மெல்ல மெல்ல மங்கி, கடைசியில் இழை மட்டும் செம்மஞ்சளாகத் தெரிந்தது. "டிரான்ஸ்போமரும் நல்லம், பெரிய டிரான்சிஸ்டரும் போகல்ல" என்றார். அந்தப் பல்ப் மங்கிய நேரம் என் மனதில் இருந்த பாரமும் இறங்கியது.

பிறகு மீட்டரை எடுத்தார். ஸ்பீக்கருக்கு வழி திறந்து விடுகிற சுவிட்ச்தான் ரிலே, அந்த 'டிக்' அதன் சத்தம். ரிலேக்கு முன்னால் வலப்பக்கம் 14 மில்லிவோல்ட். இடப்பக்கம் 11 வோல்ட். பாட்டே போடாத நேரத்தில் அந்த இடத்தில் ஏறத்தாழ ஒன்றுமே இருக்கக்கூடாது. இத்தனை வோல்ட் டிசி (ஒரே திசையில் ஓடுகிற கரண்ட்) நேரே ஸ்பீக்கருக்குப் போயிருந்தால் உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் கருகியிருக்கும். அதனால்தான் ரிலே பிடிக்காமல் நின்றிருக்கிறது. "டிக் வரல்லன்னு நீங்க கவலைப்பட்டீங்க. அது பழுதாகி நிக்கல்ல ரீச்சர், காவலுக்கு நிக்குது" என்றார். டவுன் கடையில் இதே அறிகுறியைப் பார்த்துத்தான் போர்ட் போச்சு என்றார்கள்.

11 வோல்ட் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க இன்னும் அரை மணித்தியாலம் எடுத்தது. பெரிய கண்டென்சர்கள் ஆடாமல் இருக்க அந்தக் காலத்தில் கம்பெனியிலேயே ஒரு பசை ஊற்றுவார்களாம். வருடம் போகப் போக, சூட்டில் அது மண்ணிறமாகி, இறுகி, கிட்ட இருக்கிற கால்களைத் தின்னத் தொடங்கிவிடும். கண்ணாடியைக் கையில் தந்து என்னையும் பார்க்கச் சொன்னார். பசைக்குள் புதைந்து நின்ற ஒரு ரெசிஸ்டரின் கால் கறுத்து மயிரிழையாக மெலிந்து, ஊசியால் தொட்டதும் அறுந்து விழுந்தது. நகத்தளவு சாமான், சில ரூபா பெறும். இடப்பக்கம் முழுவதையும் நிறுத்தி வைத்தது அதுதான்.

அதற்குப் பிறகுதான் திருத்துவதா இல்லையா என்ற பேச்சையே எடுத்தார். இந்தக் கடையை நான் நம்பியதற்குக் காரணம் அது. அவர் கணக்கு இப்படி: டிரான்ஸ்போமர் நல்லதாக இருந்தால், சாமான் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கழற்றக் கூடியதாக இருந்தால், திருத்தலாம். ஆம்பில் அதிக விலையான சாமான் டிரான்ஸ்போமர்தான். அது எரிந்திருந்தால் புதிதாகச் சுற்றி எடுக்கிற கூலியையும் புது ஆம்பின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முழு வேலையையும் ஒரே சிப் செய்கிற செட்டென்றால், அந்தச் சிப் அசலாகக் கிடைக்குமா என்று பார்த்த பிறகே வாக்குக் கொடுப்பார். நான் இருக்கும்போதே ஒருவர் ஹோம் தியேட்டர் செட் ஒன்றைக் கொண்டுவந்தார். திறந்து பார்த்துவிட்டு, "இதுல காசு போடாதீங்க மனே, ஸ்பீக்கரை மட்டும் வச்சிருங்க" என்று மூடிக் கொடுத்தார். 500 ரூபாவையும் வாங்கவில்லை. வேலையை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர் எடுத்த வேலையைச் செய்வார் என்று நினைத்தேன்.

எனக்குச் சொன்ன மதிப்பு: சாமான் 9,000 சொச்சம், கூலி 7,500. ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் 2,500 க்குள் முடியும், ஆனால் இரைச்சலும் இடப்பக்கம் அமுங்குவதும் திரும்ப வரும் என்றார். இரைச்சல் பெரிய கண்டென்சர் இரண்டும் வற்றியதால். அமுங்குவது ரிலேயின் முகங்கள் உப்புக் காற்றில் கறுத்ததால். வொலியுமைக் கூட்டினால் திரும்ப வந்ததற்கும் காரணம் அதுதான்: கூடுதல் கரண்ட் அந்தக் கறுப்புப் படலத்தை உடைத்துக்கொண்டு போயிருக்கிறது. இரண்டு வருடமாக வீட்டில் நான் கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு குறைக்கும் அந்த மேசையில் ஒரு சாமானைத் தொட்டுக் காட்டினார். முழு வேலையையும் செய்யச் சொன்னேன்.

சாமான் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். வந்ததை அப்படியே பூட்டுகிறவர் அல்ல அவர். போலிச் சாமான் கூடிவிட்ட காலம் என்று, இரண்டு கண்டென்சரை என் முன்னாலேயே அளந்து காட்டினார். இரண்டிலும் 10,000 மைக்ரோபரட், 50 வோல்ட் என்றே எழுதியிருந்தது. ஒன்று 9,700 காட்டியது. மற்றது 3,900. கையில் எடுத்தால் பாரத்திலேயே தெரிந்தது. கண்டென்சரில், தாங்குகிற சூட்டைப் பொறுத்து 85 பாகை, 105 பாகை என்று இரண்டு வகை உண்டு. விலையில் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் உள்ளே வேக்காடு பத்துப் பாகை குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பதால் நம் ஊருக்கு 105 தான் பூட்டுவாராம். அம்மா பின்னிய துணியைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, ஏசவுமில்லை. "மேல நாலு விரல் இடம் விடுங்க, பின்னால பல்லி ஏறாம மெல்லிய வலை அடிங்க" என்றார்.

பின்பக்கத்தில் இருந்த வோல்டேஜ் சுவிட்சையும் அவர்தான் கவனித்தார். மத்திய கிழக்கிலிருந்து வந்த செட் பலதில் 110, 120, 220, 240 என்று மாற்றுகிற வசதி உண்டு. எங்களுடையது அத்தனை வருடமும் 220 இல் நின்றிருக்கிறது. இலங்கைக் கரண்ட் 230, இரவில் சில வீடுகளில் அதற்கும் மேலே போகும். 240 இல் வைத்தால் உள்ளே வோல்டேஜ் கொஞ்சம் குறைந்து செட் குளிர்மையாக ஓடும். சத்தத்தில் வித்தியாசம் காதுக்குத் தெரியாது. உங்கள் செட்டிலும் இருந்தால் இன்றைக்கே பாருங்கள், ஆனால் பிளக்கைக் கழற்றிய பிறகு மாற்றுங்கள்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். பத்து நாள் என்றவர் 24 நாள் எடுத்தார். போன் அடித்தால் பாதி நேரம் எடுக்கமாட்டார், கையில் சோல்டர் கட்டை இருந்தால் எடுப்பதே இல்லையாம். நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். கல்லடிப் பாலத்தைத் தாண்டி இரண்டு முறை வீணாகப் போய் வந்தேன், எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ரசீது தரமாட்டார். கொப்பியில் எழுதுவதுதான் கணக்கு. நான் கேட்டு, மாற்றிய சாமான்களை ஒரு தாளில் எழுதி வாங்கினேன். நீங்களும் அப்படிக் கேளுங்கள், மறுக்கமாட்டார். கழற்றிய பழைய சாமான் முழுவதையும் ஒரு பையில் போட்டுக் கையில் தந்தார். கேட்காமலே தந்தார்.

முடிவில் எடுத்தது 16,800 ரூபா. சொன்ன கணக்கிலிருந்து கூடவில்லை. எடுக்கப் போன அன்று மறுபடி மீட்டர் வைத்துக் காட்டினார்: இடப்பக்கம் 18, வலப்பக்கம் 14 மில்லிவோல்ட். 50 க்குக் கீழே என்றால் கவலை இல்லை. நான் ஒரு கசட்டையும் பழைய டெக்கையும் கொண்டுபோயிருந்தேன். மேசைக்கடியில் இருந்த அவருடைய ஸ்பீக்கரில் பூட்டினார். சுவிட்ச். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. டிக்.

முதலில் களரியின் இரைச்சல் வந்தது. ஆட்கள் கதைப்பது, ஒரு பிள்ளை அழுவது. பிறகு மத்தளம். இடந்தலையில் உள்ளங்கை விழுந்து தோல் அதிர்ந்து அடங்குகிறவரை முழுவதும் கேட்டது. இடப்பக்கத்தில் சல்லரி, வலப்பக்கம் தள்ளிப் பிற்பாட்டுக்காரர். அப்பா அந்த இரவு இரண்டு மைக்கை எங்கெங்கே கட்டினார் என்பது கூட விளங்கியது. அண்ணன் சோல்டர் கட்டையை வைத்துவிட்டு நின்றார். "எந்த ஊர்க் கூத்து?" என்று கேட்டார். வந்தாறுமூலை என்றேன். கசட் பக்கம் முடிகிறவரை, அப்பா பொத்தானை அமத்துகிற சத்தம் வரை, அப்படியே நின்று கேட்டார்.

அன்றைக்கு அவர் சொல்லித் தந்த இன்னொன்றும் எனக்குப் பெரிய உதவி. பின்பக்கம் 'ரெக் அவுட்' என்று ஒரு சோடித் துளை இருக்கிறது. கசட் டெக்குக்குப் பதிவு செய்யப் போட்டது. அதிலிருந்து வருகிற சத்தம் வொலியுமைக் கூட்டினாலும் குறைத்தாலும் மாறாது. அங்கேயிருந்து ஒரு வயரைக் கம்பியூட்டருக்கு இழுத்து, ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே கசட்டுகளைப் பதிவு செய்கிறேன். தம்பியின் புளூடூத் ஆம்பில் அப்படியொரு துளையே இல்லை. இதுவரை 19 கசட் முடிந்தது, இன்னும் 33 இருக்கின்றன.

போனிலிருந்து மட்டும் பாட்டுக் கேட்கிறவர்கள், பழைய செட்டின் டிரான்ஸ்போமரும் போய்விட்டது என்றால், புதிது வாங்குங்கள். அதில் தவறே இல்லை. மற்றவர்கள் ஒரு 500 ரூபாவைக் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். திறக்காமலே தீர்ப்புச் சொல்கிற இடத்தில் செட்டை விட்டுவிட்டு வராதீர்கள். இந்த அண்ணனிடம் போகிறவர்கள் காலை பத்து மணிக்குப் பிறகு போங்கள், ஞாயிறு இல்லை. செட்டோடு நீங்கள் வழக்கமாகக் கேட்கிற ஒரு பாட்டையும் கொண்டுபோங்கள், எடுக்கும்போது அங்கேயே போட்டுக் கேட்கலாம்.

வேலையில் ஒரு மிச்சம் உண்டு. பேஸ் திருகியைத் திருப்பும்போது வலப்பக்கத்தில் இன்னும் கரகரவென்று ஒரு சத்தம் வருகிறது. மருந்து அடித்துப் பார்த்தார், முழுவதும் போகவில்லை; கரித்தடம் தேய்ந்துவிட்டதாம். அதே அளவில் ஒரு திருகியைப் பழைய செட் ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருக்கிறாராம், தீபாவளி கழித்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அதற்குக் காசு வேண்டாமாம், மிச்சக் கூத்துக் கசட்டுகளில் ஒன்றைக் கொண்டுவந்தால் போதுமாம்.